ஆறு பென்சில்கள்

“ஒரு பென்சில் சீவறதுக்கு எவ்வளவு நேரம்தாம்மா ஆகும்?”

கேட்டவர், அந்தக் காவல் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து நான்கே நாட்கள் ஆகியிருந்த ஆய்வாளர். எதிரே, சாட்சிகள் சொல்லும் அடையாளங்களைக் கேட்டு முகம் வரைந்து தரும் ஓவியரம்மா, தோல் பையிலிருந்து சீவாத ஆறு பென்சில்களையும் ஒரு சிறு கத்தியையும் உப்புத்தாளையும் எடுத்து, பூசைப் பாத்திரங்களைப் போல வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு நிமிஷம் ஆகும் சார்.”

“ஒரே ஒரு பென்சிலுக்கா? அப்போ ஆறுக்கு அரை மணி நேரம்! இதையெல்லாம் நேத்தே சீவி வச்சிருக்கக் கூடாதா?”

“பையில கிடந்தா முனை உடைஞ்சுடும் சார்.”

ஆய்வாளருக்கு நிலைகொள்ளவில்லை. காலையில் மருத்துவமனை வரிசையிலிருந்து ஒரு பத்து மாதக் குழந்தை காணாமல் போயிருந்தது. தூக்கிச் சென்ற பெண்ணைப் பார்த்தவள் குழந்தையின் தாய் ஒருத்திதான். அவளோ, மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டும், “எதுவும் ஞாபகம் இல்லை” என்பதைத் தவிர வேறொரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வாளர் தம் மேசையிலிருந்த மின்சாரச் சீவு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

“இதுல சொருகுங்க. ரெண்டே செகண்டு.”

“இது மெத்துன்னு இருக்கிற முனை சார். இயந்திரம் கடிச்சுத் துப்பிடும். சத்தம் வேற.”

“சரி, கையால சுத்தறது ஒண்ணு இருக்கு. அது?”

“கூர் குட்டையா வரும். எனக்கு நீளமா வேணும். கத்தியால சீவி, உப்புத்தாள்ல தேய்ச்சாத்தான் சரிப்படும்.”

“நீங்க பென்சில் சீவப் போறீங்களா, சிலை செதுக்கப் போறீங்களா?”

வாசலில் நின்ற பெண் காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

“ஒரு மணி நேரம் தரேன். அதுக்குள்ள படம் வரலேன்னா, கம்ப்யூட்டர்ல வரையறவரைக் கூப்பிட்டுடுவேன்” என்றார் ஆய்வாளர்.

“கூப்பிடுங்க சார்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, ஓவியரம்மா பென்சில்களையும் கத்தியையும் உப்புத்தாளையும் அள்ளிக்கொண்டு, வரைபலகையோடு அடுத்த அறைக்குள் போனார்.

ஆய்வாளர் கதவிடுக்கில் நின்று கவனித்தார். ஓவியரம்மா எதையும் கேட்கவில்லை. தாளும் கையும் தாய்க்குத் தெரியாதபடி பலகையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து சீவத் தொடங்கினார். சரக்... சரக்... மரச்சுருள்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. முதல் பென்சில் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

மூன்றாவது பாதியில் இருந்தபோது, தாயின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“அக்கா... யாரும் பிடுங்கிட்டுப் போகல.”

“ம்.” தலை நிமிரவில்லை. கத்தி நகர்ந்துகொண்டே இருந்தது.

“சீட்டு வாங்கிட்டு வரேன்னு நான்தான் என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன். வீட்டுக்காரர்கிட்ட பிடுங்கிட்டாங்கன்னு பொய் சொல்லிட்டேன்.”

ஓவியரம்மா ஒரு கணம் தலையை நிமிர்த்தினார். பேச்சு அறுந்தது போல நின்றுவிட்டது. அவர் மறுபடி குனிந்து நான்காவது பென்சிலை எடுத்தார்.

“அவகிட்ட பாப்பா அழுதாளா?”

“இல்லக்கா, சிரிச்சா! அந்தப் பொம்பளைக்கு வலது கன்னத்துல மட்டும் ஆழமா ஒரு குழி. பாப்பா அதுக்குள்ள விரலை வச்சு வச்சு எடுத்தா. புருவம் ரெண்டும் நடுவுல சேர்ந்திருந்துச்சு...”

அணை உடைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் தொலைபேசி அழைப்பு வந்து ஆய்வாளரை இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் திரும்பி வந்தபோது, கன்னக்குழியும் சேர்ந்த புருவமுமாக ஒரு முகம் தாளிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய் அதைக் கண்டு, “இவதான்! இவளேதான்!” என்று எழுந்து நின்றுவிட்டாள்.

படம் ஊரெங்கும் பறந்தது. பிற்பகலிலேயே பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவர் அந்தக் கன்னக்குழியை அடையாளம் கண்டு தகவல் சொன்னார். குழந்தை அந்தப் பெண்ணின் தோளில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்ததாம். தாய் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தபோது, காவல் நிலையத்தில் கண் கலங்காதவர் ஒருவரும் இல்லை.

ஆய்வாளர், பையை மூடப்போன ஓவியரம்மாவிடம் வந்தார். நல்ல மனிதர், தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர்.

“நான் தோத்துட்டேன்மா. உங்க கத்திதான் ஜெயிச்சுது. இயந்திரத்துல சீவின பென்சில்ல அந்தக் கன்னக்குழி இவ்வளவு நுணுக்கமா வந்திருக்குமா? இனிமே இங்க கத்திதான், உப்புத்தாள்தான்.”

சொல்லிக்கொண்டே, மேசையிலிருந்த பென்சில் ஒன்றை மரியாதையோடு கையில் எடுத்தார். முனை ஊசிபோல் இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. ஆறையும் பார்த்துவிட்டார், ஒன்றின் முனையும் கடுகளவுகூடத் தேய்ந்திருக்கவில்லை.

“என்னம்மா இது? அப்போ படத்தை எதுல வரைஞ்சீங்க?”

ஓவியரம்மா பலகையின் அடியில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் காட்டினார். தலையை அழுத்தினால் முனை தானாக நீளுகிற, ஆயுளுக்கும் சீவவே வேண்டாத பிளாஸ்டிக் பென்சில்.

“வரையறதுக்கு இது போதும் சார். அந்த ஆறும் அவங்க பேசறதுக்கு.”