எழுப்பிவிட ஒரு ஆள்

"எனக்கு மட்டும் தலைமாட்டை மாத்தி வைக்க முடியுமா, தம்பி?"

கல்லறைத் தோட்டக்காரர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஈஸ்டர் ஆராதனை முடித்து வந்தவர்கள் விட்டுப்போன மெழுகுவத்தி மிச்சங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார் அவர். மதிலோரக் காலி இடத்தைக் கைத்தடியால் காட்டியபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

இருபது வருடத்தில் எத்தனையோ விதமான ஆசைகளைக் கேட்டவர்தான் தோட்டக்காரர். இது புதுசு.

"அது எப்படிங்கய்யா? இங்க எல்லாருக்குமே கால் கிழக்கேதான். கர்த்தர் வர்றப்போ அவரைப் பார்த்தபடி எழுந்திருக்கணும்னுதானே அப்படி வைக்கிறோம்?"

"அவரை அப்புறம் திரும்பிப் பார்த்துக்கிறேன், கோவிச்சுக்க மாட்டாரு. எனக்கு முதல்ல என் வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கணும்."

காலி இடத்தை ஒட்டியிருந்த கல்லறையில் புதுப் பூக்கள் கிடந்தன. தோட்டக்காரருக்கு மனசு இளகிவிட்டது.

"உட்காருங்கய்யா."

பெரியவர் உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"பேப்பர் அச்சடிக்கிற இடத்துல எனக்கு முப்பத்தெட்டு வருஷம் நைட் ஷிஃப்ட். ஈஸ்டர் அன்னிக்கும் விடியறப்பதான் வந்து படுப்பேன். அவ குளிச்சிட்டு வந்து ஈரக் கையை என் கன்னத்துல வைப்பா. 'இயேசு உயிர்த்தெழுந்துட்டாரு, நீங்களும் எழுந்திரிங்க'ம்பா."

"நீங்க?"

"'அவரு வெள்ளிக்கிழமையே படுத்தவரு, எழுந்துட்டாரு. நான் இப்பத்தானே படுத்தேன்'னு போர்வையை இழுத்துப்பேன்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பெரியவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையில அந்தக் கை வரல. நானா முழிச்சுப் பார்த்தா வீடே சத்தமில்லாம கிடக்கு. ஈஸ்டர் மாதிரியே இல்ல, தம்பி."

தோட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷம்கூட நான் அவளை முந்தினதில்ல. கடைசி நாள்ல எக்காளம் ஊதறப்பவாவது நான் முதல்ல எழுந்து, அவ கன்னத்துல கை வெச்சு எழுப்பணும். அவ கண்ணைத் திறந்தா எதிர்ல என் மூஞ்சி இருக்கணும்."

"போதகர்கிட்ட நான் பேசறேங்கய்யா. சம்மதிக்க வைக்கிறது என் பொறுப்பு. அம்மா இந்தப் பூ வெச்ச கல்லறையிலதானே இருக்காங்க?"

பெரியவர் வாய் திறப்பதற்குள் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க! நேத்துத்தானே ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தீங்க? கொஞ்சம் தூங்கட்டும்னு எழுப்பாம நான் கோயிலுக்குப் போனா, இங்க வந்து யார்கூட அரட்டை?"

மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார் ஓர் அம்மாள். தோட்டக்காரர் பூ வைத்த கல்லறையையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் அவசரமாக எழுந்து அவர் காதருகே வந்தார்.

"டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது, சொல்லிடாதே தம்பி. எனக்கு ஒரு மாசத்துல இடம் வேணும்... பக்கத்துல அவளுக்கு விட்டு வைக்கிற இடம் மட்டும் எத்தனை வருஷம் வேணும்னாலும் காலியாவே கிடக்கட்டும்."