நந்திதா கொடுத்த நற்சான்று

“கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டா?”

“இன்னும் இல்ல, மாப்பிள்ளை பாத்துக்கினு இருக்காங்க.”

“கறி துன்னுவாளான்னு கேட்டா?”

“முட்டையக்கூட தொட மாட்டா. போதுமாடி? பரீட்சைக்குக்கூட நான் இவ்ளோ படிச்சதில்ல.”

தோழி நந்திதா இப்படிக் கிண்டலடித்தும் பவ்யா சிரிக்கவில்லை. புருஷனை விட்டுவிட்டுச் சித்தூரிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததுமே திருப்பதியில் மூன்று வீடுகள் கைநழுவிப் போயிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் இப்போதிருக்கும் அறையைக் காலி செய்தாக வேண்டும். புரோக்கரிடம் கொடுத்த பாரத்தில், தன்னைப் பற்றி விசாரிக்க என்று நந்திதாவின் நம்பரை எழுதியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம், நந்திதா வேலை முடிந்து வீடு திரும்பியதும் போன் வந்தது. பவ்யாவின் வீட்டு விஷயமாகப் பேசுவதாகச் சொன்னார் அந்த மனிதர். தன்மையான குரல். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவள், ஒரு ஈ காக்கை வந்து போகாது என்று நந்திதா மளமளவென்று ஒப்பித்தாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எத்தனை மணிக்குத் திரும்புவாள், துணைக்கு யாராவது உண்டா என்று விசாரித்தார். நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும், தனியாகத்தான் இருக்கிறாள் என்றாள்.

“இப்ப இருக்கிற அட்ரஸ மட்டும் பாரத்துல எழுதாம வுட்டுட்டாங்கம்மா. போலீஸ் வெரிபிகேஷனுக்கு வேணும்.”

“அவசரத்துல மறந்திருப்பா சார். கொர்லகுண்டாவுல மாவு மில்லு இருக்குதில்ல, அதுக்கு மேல் மாடி.”

நன்றி சொல்லி வைத்துவிட்டார். கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அவ்வளவு பழகி வைத்த பொய் வீணாகிப் போனதில் நந்திதாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

நல்ல சேதியை உடனே சொல்லலாம் என்றால், பவ்யா ஷிப்ட்டுக்குள் போயிருந்தாள். உள்ளே போனை விட மாட்டார்கள்.

காலையில் பவ்யாவே கூப்பிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி அறைக்கு நடந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, இப்பதான் போனைப் பாத்தேன். வீட்டு ஓனர் இன்னிக்குத்தான் உன்கிட்ட பேசுவாராம். அந்த புரோக்கர் என் பாரத்த வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான், அது சித்தூர்ல எம் புருஷன் கைக்குப் போயிடுச்சி. போன தபா என்னைக் கண்டுபிடிச்சப்ப கைய ஒடிச்சான். உனக்குப் போன் பண்ணுவான்க்கா. நான் எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிடாத.”