கொடுக்காத உயரம்

குழந்தைகள் உடைக்கடையின் இணையதளம் மாலைக்குள் திறந்தாக வேண்டும். உடையின் அளவு சொல்லும் பகுதியைக் கண்டெய்னர் என்ற மென்பொருள் தானே கோத்துத் தரும்; வயதையும் உயரத்தையும் மட்டும், அது ஓடும்போது, நிரல் எழுதுபவள் ஒரு வரியில் கொடுக்க வேண்டும். அந்த வரியை எழுத அவள் மறந்துவிட்டாள். பிழை காட்ட வேண்டிய திரையில் வயது ஒன்பது, உயரம் நூற்று இருபத்தெட்டு சென்டிமீட்டர் என்று வந்தது.

ஆறு வயதில் இறந்த அவளுடைய மகள் இருந்திருந்தால் இந்த மாதம் ஒன்பது முடிந்திருக்கும்.

“ஒண்ணுமே குடுக்காம எப்படிக்கா ஓடுது?” பக்கத்து இருக்கைக்காரன் சிரித்தான். “அந்த ஒரு வரியப் போட்டுடுங்கக்கா, மேனேஜர் உயிர வாங்குறாரு.”

போட்டால் அந்த எண்கள் போய்விடும். “இருடா, ரெண்டு நிமிஷம்,” என்றவள், நாற்காலிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து அந்த உயரத்தில் கையை நீட்டி வைத்தாள். உள்ளங்கையில் தலைமுடி உரசியது.