பொதுத் தோட்டத்துக் கத்திரிக்காய்

"டீச்சர், சாம்பார் ஊத்தாதீங்க! புள்ளைங்க கையத் தட்டி விடுங்க!"

சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டுப் பால்வாடிக்குள் ஓடிவந்தார் வரதராஜுலு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னாண்ணே ஆச்சு?" லூர்தம்மாள் டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நேத்து சாயங்காலம்தான் கத்திரிச் செடிக்கு மருந்து அடிச்சேன். காலைல வெத வாங்க வாலாஜாபாத் போய்ட்டேன். இப்ப வந்து பார்த்தா செடில ஒரு காய்கூட இல்ல!"

லூர்தம்மாள் சாம்பார் குண்டானைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரகடத்தை ஒட்டிய அந்த ஊரில், ஏரிக்கரைப் புறம்போக்கில் மாதர் சங்கம் போட்ட பொதுத் தோட்டம் அது. வீட்டுக்கு ஒருத்தி முறை வைத்துக் களை எடுத்தார்கள், தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். விளைவதெல்லாம் பால்வாடிப் பிள்ளைகளுக்கு. வேலி கட்டுவது, மருந்து அடிப்பது இரண்டும் வரதராஜுலுவின் பொறுப்பு. குன்றத்தூர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த பட்டறையைத் தொண்ணூறாம் வருஷக் கடைசியில் மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக விடிந்தால் தோட்டம், அடைந்தால் தோட்டம். மருந்து அடித்தால் பத்து நாளைக்கு யாரும் காயைத் தொடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவரே அவர்தான்.

லூர்தம்மாள் பந்தியைப் பார்த்தாள். இருபத்திரண்டு தட்டு. ஐந்து தட்டில்தான் சோறு விழுந்திருந்தது. ஐந்துமே பாதி காலி.

முதல் தட்டுக்காரி சௌந்தர்யா. வரதராஜுலுவின் நான்கு வயது மகள்.

அவர் பாய்ந்து அவளைத் தூக்கினார். "துப்பும்மா! கண்ணு, துப்பும்மா!" குழந்தை மிரண்டு வீறிட்டது. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள்.

அன்று களை எடுக்கும் முறை அம்சவல்லிக்கு. சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து களைக்கொத்தோடு ஓடிவந்தாள். இரண்டாவது தட்டு அவள் மகனுடையது. பின்னாலேயே நாலைந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

சாம்பார் குண்டானுக்குப் பக்கத்தில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள் ஆயா இந்திராணி. வரதராஜுலுவின் மனைவி.

"இந்திராணி, காய் யாரு பறிச்சது?" என்றாள் லூர்தம்மாள்.

"நான்தான் டீச்சர். சாம்பாருக்கு வேற காய் இல்ல."

"மருந்து அடிச்சது உனக்குத் தெரியாதா?"

இந்திராணி தரையைப் பார்த்தாள். "தெரியும். நான்தான் கூட நின்னு தண்ணி ஊத்திக் குடுத்தேன்."



"தெரிஞ்சேவா அறுத்துப் போட்ட? அடிப்பாவி, பெத்த பொண்ணுக்கே போட்டியேடி!" அம்சவல்லி அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். லூர்தம்மாள் குறுக்கே புகுந்து விலக்கிவிட்டாள்.

"சண்டை அப்புறம். யாராச்சும் ரோட்டுக்கு ஓடுங்க. செங்கல் லாரி எது வந்தாலும் நிறுத்துங்க. அஞ்சு பேரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவணும்."

"லாரி வாணாம் டீச்சர்," என்றாள் இந்திராணி. "ஒண்ணும் ஆவாது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

இந்திராணி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். "காயை... நல்லா அலம்பினேன்."

"அலம்பினா போற மருந்தாடி அது?" என்றாள் லூர்தம்மாள். "இதுங்கள்ல ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆனா நானே உன்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்."

"அவள வுட்டுடுங்க." மகளை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார் வரதராஜுலு. "அடிச்சது நான். எழுதி ஒட்டாம ஊருக்குப் போனது நான். போலீஸு கீலீஸு எது வந்தாலும் என்னையே காட்டுங்க. எதுக்கும் உதவாதவன், இதுக்காச்சும் உதவறேன்."

அதைக் கேட்டதும் இந்திராணி சட்டென்று உட்கார்ந்தாள். ஒரு தட்டை இழுத்து, கரண்டி கரண்டியாகச் சாம்பாரை ஊற்றிக்கொண்டாள். கத்திரிக்காயை அள்ளி வாயில் போட்டு மென்றாள். ஒன்று, இரண்டு, மூன்று.

வரதராஜுலு மகளை இறக்கிவிட்டு ஓடிவந்து தட்டைத் தட்டிவிட்டார். சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. அவள் தோள்களைப் பிடித்து உலுக்கினார்.

"செத்துடுவே இந்திராணி! நீ செத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அதுவரை கலங்காத அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

"நீ செத்தா மட்டும் நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

அவர் கை தோளிலிருந்து நழுவியது. இந்திராணி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"சனிக்கெழம விடியக்காலைல, தூங்கற எங்க மூஞ்சியப் பார்த்துக்கினே அந்த மருந்து டப்பாவ மூடியத் தொறந்து மடில வெச்சினு ஒக்காந்திருந்தியே, அன்னிக்கே அத்தனையையும் பள்ளம் நோண்டிக் கொட்டிட்டேன். நேத்து நீ செடிக்கு அடிச்சது, அதே டப்பால நான் ஊத்தி வெச்ச வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும்."