தெரு சார்பாக ஒருவர்

“எங்க தெருவுல அத்தனை பேர் இருக்க, என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?”

உட்காரும்போதே கேட்டுவிட்டார் பூட்டு ரிப்பேர்காரர். பல்கலைக்கழகத்தில் மெத்தை வைத்த நாற்காலி, எதிரில் பேராசிரியை. இவ்வளவு மரியாதை சும்மா வராது.

“உங்க தெருக்காரங்கதான் உங்களைச் சொன்னாங்க ஐயா.”

ஓகோ! மாட்டிவிட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமானால் பழி இவர் தலையில்.

“மாணவர்கள் மக்களோட பழகிப் படிக்கிற பாடம் இது. தெரு சார்பா நீங்க சரின்னு சொன்னாத்தான் ஆரம்பிப்போம்.”

“போன வருஷமும் வந்தாங்களே! அடுப்படி வரைக்கும் நுழைஞ்சு, புருஷன் பொண்டாட்டி சண்டை வருமான்னு கேட்டாங்க. போட்டோ எடுத்தாங்க. மார்க் வாங்கினாங்க. அப்புறம் ஆளையே காணோம்.”

“நீங்க விளக்குமாத்தை எடுத்தீங்களாமே?”

“ஆமா.”

அதற்குத்தான் எதிர்வீட்டு பஸ் டிரைவர், ‘படிக்கிற பிள்ளைங்களை இப்படியா விரட்டுறது?’ என்று நாலு பேர் முன்னால் கேட்டான். பக்கத்து வீட்டுத் தையற்காரி உச்சுக் கொட்டினாள். அன்றிலிருந்து இவர் அந்தத் தெருவில் யாரோடும் பேசுவதில்லை.

பேராசிரியை திட்டத்தை வாசித்தார். நாற்பது மாணவர்கள். ஞாயிறு காலை. வீடு வீடாக.

வாரம் முழுக்க ஓடுகிற தெரு, ஞாயிறு காலையில்தான் கொஞ்சம் கண்ணயரும். சொல்ல வாயெடுத்தார். டிரைவரின் முகம் நினைவுக்கு வந்தது.

அவனும் படட்டும்.

“பிரமாதம்மா. கையெழுத்து எங்க போடணும்?”

போட்டுவிட்டு எழுந்தார். பேராசிரியை அவரையே பார்த்தார்.

“இவ்வளவு சுலபமா ஒத்துக்குவீங்கன்னு நினைக்கல. தெருவுல வேற மாதிரி சொன்னாங்க.”

“என்னன்னு? சிடுமூஞ்சின்னா?”

“அதுவும்தான்” என்று சிரித்தார். “டிரைவர்தான் முதல்ல சொன்னார். ‘நாங்கள்லாம் படிச்சவங்க வந்தா பல்லைக் காட்டிட்டு, அவங்க போனப்புறம் புலம்புவோம். முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல எங்களுக்கு வராது. அவரைக் கூப்பிடுங்க. எங்க மேல எவ்வளவு கோபம் இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்’னார். மத்த வீட்டுலயும் அதையேதான் சொன்னாங்க.”

பூட்டுக்காரர் கதவுவரை போனவர் நின்றார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தத் தாளைக் கிழிங்கம்மா. நான் இன்னும் சண்டையே ஆரம்பிக்கல.”