மூன்றாவது குழி

சூரியநெல்லியில் மழை விட்ட மாலை. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இலை வாடும் மணம் வருகிறது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசற்படியில் ஆனந்தியும் மாரிக்கனியும் மாரிக்கனியின் கைப்பேசிமேல் குனிந்திருக்கிறார்கள். திரையில் கோல்ஃப் விளையாட்டின் பச்சை மேடு. ஆனந்தி குடும்பத்தோடு திருப்பூருக்குக் குடிபோகிறாள். சாமான் ஏற்றிய ஜீப் நிற்கிறது. புதிதாக ஆடுகிறவர் முதல் மூன்று குழிகளை முடித்தால்தான், வெளியூரில் இருக்கும் தோழியோடு சேர்ந்து ஆட இந்த விளையாட்டு விடும். மாரிக்கனி இரண்டை முடித்துவிட்டாள். கொழுந்து பறித்துப் பழகிய மாரிக்கனியின் கட்டைவிரல் வெடுக்கென்று துள்ள, பந்து பாதியிலேயே நிற்கிறது. "ஏட்டி, கொழுந்தா கிள்ளுத? காத்து எந்தப் பக்கம்னு அம்புக்குறியப் பாரு. மெதுவா பின்னால இழுத்து, பெறகு விடு," என்கிறாள் ஆனந்தி. "ஆரஞ்சுக்காயச் சவுக்குக் கம்பால அடிச்சு மேனேஜர் வீட்டுக் கண்ணாடிய ஒடச்சவ தான நீ, பேசாத." இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகச் சிரிக்கிறார்கள். அடுத்த அடியில் பந்து உருண்டு, குழிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மாரிக்கனி விரலைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறாள், விடவில்லை. ஜீப் ஹாரன் அடிக்கிறது. "விடுட்டி, நேரமாச்சு." திரையின் பச்சை வெளிச்சம் மாரிக்கனியின் கன்னத்தில் அசையாமல் இருக்கிறது. "விட்டா நீ போயிருவல்லா," என்கிறாள்.