ஆளுக்கொரு பேச்சு

ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று சுகாதார நிலையத்தின் போனில் பதில் சொல்லும் இயந்திரக் குரலிடம் கேட்டாள் ஆறு மாதக் கர்ப்பிணியான பூங்கோதை. "ஆத்தாவ வேண்டிக்கிட்டுப் போட்டுக்கம்மா, பிள்ளைக்கு நல்லது" என்று அது உருக்கமாகச் சொன்னது. கல்லூரியில் கணக்கு நடத்தும் அவளுடைய ஓரகத்தி நிர்மலாவும் கர்ப்பமாக இருந்தாள். அவளிடம் அதே குரல் ஆராய்ச்சி முடிவுகளாக அடுக்கியது.

"ஆளுக்கொரு பேச்சு பேசுதுக்கா. நம்மள மடக்கத்தான் பாக்குது" என்று நிர்மலாவிடம் சொன்னாள் பூங்கோதை.

மறுநாள் காலையில் நேரிலேயே போனாள். நர்ஸ் கலாவதி அவளைப் பார்த்ததும், "ஆத்தா துணையிருப்பாம்மா" என்று ஆரம்பித்தார். அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் சின்னதாக ஒரு விளக்கு மினுங்கியது. அதே குரல்தான் அவருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அதக் கழட்டி வச்சிட்டுப் பேசுங்க சிஸ்டர்."

நர்ஸ் கழற்றி மேசை டிராயரில் போட்டு மூடினார். அதன் பிறகு வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் பேசினார். சொந்தமாகப் பேசி எத்தனை வருடம் ஆயிற்றோ!

"மூத்தவளச் சுமந்தப்போ நான் போட்டுக்கல" என்றார். "ஃப்ளூ வந்து பதினோரு நாள் மூச்சுக்குத் தவிச்சேன். வயித்துப் பிள்ளை தப்பினதே பெருசு. சின்னவளுக்குப் போட்டுக்கிட்டேன். ரெண்டு நாள் கை வலிச்சுது, அவ்வளவுதான்."

பூங்கோதை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வலிக்குமா?"

"வலிக்கும்."

பூங்கோதை ரவிக்கையின் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.